வைத்தியனும் மருந்தின் ஒரு கூறே

திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருந்தினை நான்கு கூறாகப் பகுத்துரைக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், தீர்த்தற்குக் கருவியாகிய மருந்து, அருகிருந்து அதனைச் செய்விப்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் விரித்துரைப்பார் பலர். இரண்டாவதனை விரித்துரைப்பார் சிலரே. தீர்ப்பவனும் மருந்தின் ஒரு கூறாயின், அக்கூறு கெட்டவிடத்து மருந்து முழுவதுங் கெடும் என்பது தானே பெறப்படும். காலங்கடந்த மருந்தைக் குப்பியோடு எறிந்துவிடுகின்றோம். துருப்பிடித்த கத்தியைச் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள்ளே எவரும் விடார். ஆனால், ஓர் இரவும் இரு பகலும் கண்துயிலாத கை அக்கத்தியைப் பிடிக்குமாயின், அதனைத் தியாகம் என்று உலகம் பாராட்டுகின்றது. இப்பாராட்டுத் தகாதது என்பதும், இதனால் வருந்துவார் வைத்தியர் மாத்திரமல்லர், நோயாளரும் ஆவர் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஒரு பொருளை ஆராயப் புகுவார் முதற்கண் அதன் பெயரை ஆராய்தல் மரபு. ஆங்கிலத்தார் 'பேர்ண் அவுட்' என்று வழங்குஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து உளவியலாளராகிய பிராய்டன்பேகர் என்பவர், இலவச வைத்தியநிலையத்திலே பணிபுரிந்தாரிடத்துத் தாங் கண்ட ஒரு நிலையை இச்சொல்லாற் குறித்தார். 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதனை ஒரு நோய் என்னாது, தொழில்பற்றி நிகழும் ஒரு நிலை எனவும், பணியிடத்து நெருக்கடி நெடுங்காலம் தணிக்கப்படாது விடப்பட்டதன் விளைவு எனவும் வரையறுத்தது. இவ்வரையறை கூர்ந்து நோக்கற்பாலது. ஆளின் வலியின்மையை மாத்திரம் நோக்காது பணியிடத்தையும் நோக்குக என்னுங் குறிப்பு அதனுள் அடங்கியிருக்கின்றது.

இச்சொல்லுக்குத் தமிழில் யாது கூறுவது? 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர், மானிப்பாயிலே நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, 'இரண வைத்தியம்' முதலாய நூல்கள் தமிழில் வெளிவரச் செய்தார். எலும்புக்கும் நரம்புக்கும் கட்டிக்கும் புண்ணுக்கும் அன்று தமிழ்ச்சொல் தேடினர். அவற்றை அறுத்து ஆற்றுபவனுடைய உள்ளத்து நோவுக்கு இன்று நாம் சொல் தேடவேண்டியவராய் இருக்கின்றோம். 'களைப்பு' என்பது உடலைப் பற்றியது. ஒரு பொழுது உறங்கினால் நீங்கும். 'சலிப்பு' என்பது விருப்பின்மை. வேறொரு வேலையைத் தொட்டால் மாறும். நமது தோட்டக்காரர் இரண்டு சொற்களை வேறுபடுத்தி வழங்குவர். நண்பகல் வெயிலிலே தலைசாய்ந்த பயிரை 'வாடியது' என்பர். மாலையில் நீர் இறைத்தால் அது நிமிரும். பலநாள் நீரின்றி நின்ற பயிரைக் 'கருகியது' என்பர். அதற்கு ஒருநாள் நீர் போதாது. நாம் குறிக்கும் நிலை வாடல் அன்று, கருகல். ஆதலின் இதனை 'உளக்கருகல்' என்று ஈண்டு வழங்குவோம். இதனினும் பொருத்தமான சொல்லை அறிஞர் தருவராயின் ஏற்றல் நம் கடன்.

உளக்கருகலை அளந்தறியும் முறையொன்றை அமெரிக்க உளவியலாளராகிய மஸ்லக் என்னும் அம்மையார் மற்றொருவரோடு சேர்ந்து 1981இல் வெளியிட்டார். அம்முறையிலே மூன்று குறிகள் கொள்ளப்படும். ஒன்று, பிறர்க்கு ஈவதற்கு உள்ளத்தில் யாதும் எஞ்சாது வற்றிப்போதல். இரண்டு, எதிரேயுள்ள மனிதரை மனிதராகக் காணாது பொருளாகக் காணுதல். மூன்று, தான் செய்யுந் தொழிலாற் பயனில்லை என்று எண்ணுதல். இவற்றுள் இரண்டாவது குறியே எமக்கு மிகவும் அச்சந் தருவது. எம்மிடந் தமிழ் கற்றுப் பின் வைத்தியராகிச் சத்திரசிகிச்சைப் பயிற்சியிற் புகுந்த ஒருவர், ஒருமுறை எம்மைக் காண வந்திருந்தார். தாம் கவனித்துவந்த முதியவர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, 'கட்டில் பதினாறு' என்றே பலமுறை கூறினார். அம்முதியவரின் பெயர் யாது என்று வினவினோம். அவர் சிறிதுநேரம் எண்ணிப் பார்த்தும் பெயர் நினைவுக்கு வரவில்லை. பள்ளியிலே ஒரு செய்யுளை ஒருமுறை கேட்ட அளவிலே மனத்திற் கொள்ளும் ஆற்றல் வாய்ந்தவர் அவர். மறதி அவர் இயல்பன்று. அது பணியிடத்திலிருந்து வந்தது.

இது சிலர்க்கு மாத்திரம் நேர்வதோ எனின், அன்று. அமெரிக்க நாட்டுச் சத்திரசிகிச்சையாளரிடையே 2008ஆம் ஆண்டில் நடந்த ஆராய்ச்சி ஒன்றிற்கு 7905 பேர் விடையளித்தனர். அவருள் நூற்றுக்கு 40 பேரிடம் உளக்கருகல் காணப்பட்டது. கடந்த மூன்று மாதத்தில் வைத்தியத்திலே பெரும் பிழையொன்று தம்மால் நேர்ந்தது என்று நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேர் எழுதினர். அப்பிழைக்குப் பணிமுறை காரணம் என்றாரினும் தாமே காரணம் என்றார் மிகப் பலர். நூற்றுக்கு 70 பேருக்கு மேல் அவ்வாறு கூறினர். உள்ளம் கருகியவரிடத்துப் பிழை மிகுதியாகவும் காணப்பட்டது. கருகல் பிழையை விளைத்ததோ, பிழை கருகலை விளைத்ததோ என்று ஒருதலையாகத் துணிதல் அரிது. ஒன்றையொன்று வளர்த்தது என்று கொள்வதே பொருந்தும்.

அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி இதனினுங் கொடிது. விடையளித்தாருள் நூற்றுக்கு 6 பேருக்கு மேற்பட்டோர், கடந்த ஓராண்டினுள் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு உண்டாயிற்று என்று ஒப்புக்கொண்டனர். அவருள் நாலில் ஒரு பங்கினரே உளவைத்தியரின் துணையை நாடினர். ஏனையோர் ஏன் நாடவில்லை? தொழில் செய்தற்குரிய உரிமைப்பத்திரம் பறிபோகுமோ என்னும் அச்சத்தால் துணைநாடத் தயங்குவதாக அவ்வெண்ணம் உடையாருள் நூற்றுக்கு 60 பேர் கூறினர். பிறர் நோயை மறைத்தால் கடிந்துகொள்ளும் வைத்தியர், தம் நோயைத் தாமே மறைக்கவேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றனர்.

இந்நிலை எங்ஙனம் உண்டாயிற்று என்பதை அறிய, இன்றைய சத்திரசிகிச்சைப் பயிற்சிமுறைக்கு வித்திட்ட ஹால்ஸ்ரெட் என்பவரின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அமெரிக்காவிலே பால்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே சத்திரசிகிச்சைத் தலைவராய் இருந்த ஹால்ஸ்ரெட், படிப்படியாகப் பொறுப்பை ஏற்றிப் பயிற்றும் ஒரு முறையை வகுத்தார். பயில்வார் வைத்தியசாலையிலேயே உறைவர். இரவு, பகல் என்னும் வேறுபாடு அவர்க்கு இல்லை. கீழ்ப்படியிற் பலர் நிற்ப, மேற்படியை அடைவார் ஒருவரே. அம்முறையிலிருந்து பெருந் திறமை வாய்ந்தோர் தோன்றினர் என்பதை எவரும் மறுக்கமாட்டார். இன்று உலகெங்கும் உள்ள சத்திரசிகிச்சைப் பயிற்சியில் அம்முறையின் சாயல் உண்டு.

ஆனால், அவர் வாழ்வுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1884ஆம் ஆண்டில், உடலுறுப்பை மரக்கச்செய்யும் ஆற்றல் கொக்கெயினுக்கு உண்டு என்பது தெரியவந்தபோது, ஹால்ஸ்ரெட் அதனைத் தம்மீதே ஏற்றிப் பரிசோதித்தார். அதன் பயனாக நரம்பை மரக்கச்செய்து அறுக்கும் முறை உலகுக்குக் கிடைத்தது; அவரோ அம்மருந்துக்கு அடிமையானார். அவ்வடிமைத்தனத்தை நீக்குதற்கு மோபின் கொடுக்கப்பட, அதற்கும் அடிமையானார். பால்ரிமோரிற் புகழோடு விளங்கிய காலத்தும் அவர் அப்பழக்கத்தினின்று விடுபட்டிலர் என்பது, உடன் பணியாற்றிய ஓஸ்லர் எழுதிவைத்த மறைகுறிப்பு 1969இல் வெளிவந்தபோது உலகுக்குத் தெரியவந்தது. கோடைதோறும் பல மாதம் அவர் நகரை விட்டு நீங்கியிருப்பார். மாணாக்கர்க்கோ அத்தகைய ஓய்வு இல்லை. அவர் பெருமையைக் குறைத்தற்காக யாம் இதனைக் கூறவில்லை. ஓய்வின்றி உழைக்கும் ஒரு முறையை அமைத்தவரே அம்முறையை முற்றாகத் தாங்கினார் அல்லர் என்பதும், தம் துன்பத்தை வாய்விட்டுக் கூற இயலாதவராய் வாழ்ந்தார் என்பதும் நாம் அறியவேண்டியவை.

அம்முறைக்குச் சட்டத்தால் வரம்பு கட்டும் முயற்சி ஏறக்குறைய நூறாண்டின் பின்னரே தொடங்கியது. 1984ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் லிபி ஸயன் என்னும் 18 வயதுப் பெண் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டுச் சில மணிநேரத்துள் இறந்தாள். அவள் சத்திரசிகிச்சைக்கு வந்தவள் அல்லள். ஆயினும் இரவிலே அவளைக் கவனித்தோர், பல நோயாளரை ஒருங்கே சுமந்த பயிற்சி வைத்தியர் என்பது தெரியவந்தபோது, பயிற்சி வைத்தியரின் வேலைநேரம் பற்றிய வினா முழுவதும் எழுந்தது. அவள் தந்தையார் பத்திரிகை எழுத்தாளர், அவர் வாளாவிருந்திலர். வழக்கை ஆராய்ந்த நடுவர் குழு, வைத்தியரைக் குற்றவாளி எனச் சாட்டாது, அவரை அவ்வாறு வேலைசெய்வித்த முறையைக் கண்டித்தது. 1989இல் நியூயோர்க் மாநிலம், வாரத்துக்கு 80 மணிநேரத்துக்கு மேலும், தொடர்ச்சியாக 24 மணிநேரத்துக்கு மேலும் பயிற்சி வைத்தியர் வேலைசெய்தல் ஆகாது என விதித்தது. 2003இல் அமெரிக்கா முழுவதும் வாரத்துக்கு 80 மணிநேரம் என்னும் வரம்பு வந்தது. ஐரோப்பிய விதியின்படி பிரித்தானியாவிற் பயிற்சி வைத்தியரின் வாரம் 2009இல் 48 மணிநேரமாகக் குறைந்தது. எண்பது மணிநேரம் என்பது ஞாயிறு ஒழிந்த ஆறு நாளும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க. வரம்பு கட்டிய பின்னர் உள்ள அளவே இதுவாயின், கட்டாத காலத்து அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, மறுப்போர் கூற்றையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். சத்திரசிகிச்சை நூலாற் கற்கும் கலை அன்று, கையாற் கற்கும் கலை. பல வயிற்றைத் திறந்து பார்த்தவனே அதனை அறிவான். மணிக்கூட்டைப் பார்த்து எழுந்து செல்பவன் அதனைக் கற்கமாட்டான். நோயாளியை நடுவிலே மற்றொருவன் கையில் ஒப்படைத்தால் அதனாலும் பிழை நேரும் என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. 2014ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டு, அமெரிக்காவில் 117 சத்திரசிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை இரு பகுதியாக்கி ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதிக்கு வேலைநேர விதிகள் கண்டிப்பாக இருந்தன. மற்றதற்கு வாரத்துக்கு 80 மணிநேரம் என்னும் வரம்பு நிற்க, தொடர்ந்து நிற்கும் நேரம் பற்றிய விதி தளர்த்தப்பட்டது. 2016இல் முடிவு வெளிவந்தது. தளர்த்திய இடத்திலே நோயாளர்க்குத் தீங்கு மிகவில்லை. பயில்வாரின் நலத்திலும் மொத்தத்திற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. தம் ஓய்வுக்கும் குடும்பத்துக்கும் இடையூறு நேர்ந்தது என்று தளர்த்திய பகுதியினர் கூடுதலாகக் கூறினர். சத்திரசிகிச்சையின் நடுவே விட்டு நீங்க நேர்ந்தது என்று கண்டிப்பான பகுதியினர் கூடுதலாகக் கூறினர். 2011இல் முதலாண்டுப் பயிற்சியாளர்க்கு 16 மணிநேரம் என்று விதிக்கப்பட்டிருந்த தொடர்வேலை வரம்பு, 2017இல் மீண்டும் 24 மணிநேரமாக உயர்த்தப்பட்டது.

இதனால், வேலைநேரத்தைக் குறைத்தலால் யாதும் பயனில்லை என்று சிலர் முடிவுசெய்வர். அஃது அவசரப்பட்ட முடிவு. வாரத்து வரம்பு இரு பகுதிக்கும் ஒன்றாகவே இருந்தது என்பதை அவர் மறந்தனர். வேலைநேரம் ஒன்றே முழுக்காரணம் அன்று என்பதே இதனாற் பெறப்படுவது. அங்ஙனமாயின் எஞ்சிய காரணம் யாது?

அதற்கு விடை 2019இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியிற் கிடைத்தது. அமெரிக்காவின் 262 பொதுச் சத்திரசிகிச்சைப் பயிற்சித் திட்டங்களிலும் பயின்ற 7409 பேர் அதற்கு விடையளித்தனர். நூற்றுக்கு 38 பேருக்கு மேற்பட்டோர், வாரத்துக்கு ஒருமுறையேனும் உளக்கருகலின் குறிகள் தம்மிடந் தோன்றுவதாகக் கூறினர். நூற்றுக்கு 30 பேர் வசைமொழிக்கோ உடலைத் தாக்குதற்கோ உள்ளானோம் என்றனர். பெண்களுள் மூவரில் ஏறக்குறைய இருவர், பெண் என்னுங் காரணத்தாற் குறைவாக நடத்தப்பட்டோம் என்றனர். ஆடவரினும் பெண்களிடத்து உளக்கருகல் மிகுந்திருந்தது. ஆனால், இகழ்ந்து நடத்தப்பட்டமையையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தபோது, அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. பெண்கள் வலிகுன்றியவர் என்பதன்று காரணம். பெண்கள் மிகுதியாக இகழப்பட்டனர் என்பதே காரணம் என்பது இதனாற் புலனாகும். உள்ளத்தைக் கருக்குவது வேலையின் சுமை மாத்திரமன்று, வேலை வாங்குவோரின் நாவுமாம்.

ஆசிரியத் தொழிலுடையோம் ஈண்டுச் சிறிது நின்று நிதானித்தல் வேண்டும். 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியைச் சொல்லி வளர்த்த நாடு நம் நாடு. சத்திரசிகிச்சைக் கூடத்திலே தாதியர் முன்னிலையில் மாணாக்கனை மூடன் என்று இகழும் பேராசிரியர், தம் ஆசிரியர் தமக்குச் செய்ததையே தாமும் செய்கின்றார். 'நாங்கள் படாத பாடா?' என்பது அவர் கேள்வி. தாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்கும் பங்கிடுதல் கல்வி ஆகாது. நன்னூல் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறும். இடியையோ நெருப்பையோ கூறவில்லை. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய சத்திரவைத்திய நூலும், மாணாக்கன் முதலிற் பூசணி, சுரை, வெள்ளரி முதலாய காய்களை அறுத்துக் கைபழகுதல் வேண்டும் என்று கூறுகின்றது. மாணாக்கன் பிழைவிடுவான் என்பதை எதிர்பார்த்து, அப்பிழை எவரையும் வருத்தாத இடத்தை அவனுக்கு ஆயத்தஞ் செய்தல் அந்நூலின் கருத்து. பொறுமையாற் கைவன்மை குறையும் என்று அக்காலத்தோர் அஞ்சினாரல்லர்.

கண்டிப்புத் தளர்ந்தால் நோயாளர்க்குத் தீங்கு வரும் என்போர்க்கு, ஹால்ஸ்ரெட்டின் வாழ்விலிருந்தே ஒரு விடை உண்டு. 1889-90 மாரிகாலத்தில், அவருடைய சத்திரசிகிச்சைக் கூடத்திலே கருவிகளை எடுத்துக்கொடுத்த கரோலைன் ஹம்ப்ரன் என்னும் தாதியின் கைத்தோல், கிருமிகொல்லும் பாதரசக் கரைசலால் வெந்து புண்ணாயிற்று. அவள் வேலையை விட்டு நீங்கவேண்டிய நிலை வந்தது. 'பொறுத்துக்கொள்' என்று ஹால்ஸ்ரெட் கூறவில்லை; இறப்பர்க் கம்பனி ஒன்றைக்கொண்டு அவள் கைக்கு மெல்லிய உறை செய்வித்தார். 1890இல் அவளையே மணந்துங் கொண்டார். அவ்வுறை செய்யப்பட்டது நோயாளியைக் காத்தற்கன்று, தாதியின் கையைக் காத்தற்கே. ஆனால், கூடத்திலுள்ள பிறரும் நாளடைவில் அதனை அணியத் தொடங்கியபோது, அறுத்த புண்ணிற் சீழ்பிடித்தல் குறைவதைக் கண்டனர்; அவர் மாணாக்கராகிய புளூட்குட் என்பவர் 1899இல் இதனை எழுதி வெளியிட்டார். இன்று கையுறை இல்லாத சத்திரசிகிச்சையை நாம் எண்ணியும் பார்க்கமாட்டோம். பணிசெய்வாளின் கைக்குக் காட்டிய பரிவு, பின்னர் எண்ணிறந்த நோயாளர்க்குக் காப்பாயிற்று. கைக்கு உண்மையாகியது உள்ளத்துக்கும் உண்மையாகாதோ?

இவ்வளவுங் கடல்கடந்த நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிடுதல் இயலாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கையினின்றும் வைத்தியர் பலர் வெளிநாடு சென்றனர். நிபுணரும் அவருள் அடங்குவர். சென்றவரின் சுமை நின்றவர் தலைமேல் ஏறியது. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தவுடன் 'வைத்தியத்துறை கிடைத்தது' என்று இனிப்பு வழங்கும் பெற்றோர் நம்மிடையே மிகப் பலர். பிள்ளை அத்துறையிற் புகுந்த பின்னர் எத்தனை இரவு உறங்கினான், எவர் நாவினால் எரிந்தான் என்று வினவுவோர் மிகச் சிலர். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்து நாமே அனுப்புகின்றோம். ஆதலின் அவர்க்கு நேர்வதை அறியும் கடனும் நமதே.

செய்யத்தக்கன யாவை? வைத்தியசாலையை நடத்துவோர், வேலைநேரத்துக்கு வரம்பு வகுத்தலோடு அமையாது, அவ்வரம்பு நடைமுறையில் நிற்கின்றதா என்று கணக்கெடுத்தல் வேண்டும். உளக்கருகலுக்கு வைத்தியந் தேடியவன் அதனாலே தொழிலுரிமைக்கோ பதவியுயர்வுக்கோ இடையூறு அடையான் என்று வெளிப்பட உறுதிகூறல் வேண்டும். பயிற்றும் பேராசிரியர், கைவன்மையாற் போலவே மாணாக்கரை நடத்தும் முறையாலும் மதிக்கப்படல் வேண்டும். பொதுமக்களாகிய நாம், வாட்டின் வாயிலிலே நின்று இளம் வைத்தியரை ஏசுதற்கு முன், அவர் எத்தனை மணிநேரம் நின்றவர் என்று ஒருகால் எண்ணுதல் வேண்டும். பிரிவுபசார மேடைகளிலே 'ஊண் உறக்கமின்றி உழைத்தவர்' என்று வைத்தியரைப் புகழ்ந்து வாசிக்கும் வாழ்த்துப்பாக்களிலிருந்து அத்தொடரை நீக்கிவிடுதல் வேண்டும். இவ்வாழ்த்துப்பாக்களை எழுதுவோர் பெரும்பாலும் தமிழாசிரியர் ஆதலின், இச்சீர்திருத்தம் ஒன்றேனும் நாளையே தொடங்கற்பாலது.

மருந்தின் நான்கு கூறுள் மூன்றனைப் பேணி ஒன்றனைக் கைவிட்டால் எஞ்சுவது முக்கால் மருந்து அன்று. நோயாளி கிடக்கும் மேசைக்கு மேலே குனியும் கண்கள் உறங்கி விழித்த கண்களாய் இருத்தல் வேண்டும். அவனைப் பெயர்கூறி அழைக்கும் நாவும் அவனுக்கு வேண்டும். இவ்விரண்டையும் வைத்தியனுக்கு நாம் உறுதிசெய்தால், அதன் பயன் நம்மையே வந்தடையும்.